காரின் கதவும் நிறுத்துமிடத்தின் கோடும்

நின்றிருக்கும் காருக்கு இரண்டு அகலங்கள் உண்டு. கதவுகள் மூடியிருக்கும்போது ஒன்று. ஆட்கள் இறங்குவதற்காகக் கதவைத் திறக்கும்போது மற்றொன்று. கார் நிறுவனங்கள் விவரக் குறிப்பில் அச்சிடுவது முதல் அகலத்தை. வரிசையாகக் கார்கள் நிற்கும் வளாகத்தில் இறங்க வேண்டியவருக்குத் தேவைப்படுவது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியை யார் தருவது? காரைச் செய்பவரா, கட்டடம் கட்டுபவரா, பக்கத்துக் காரின் உரிமையாளரா? நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு காலமும் வேறு வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கின்றன.

கணக்கு எளியது. முன்பக்கம் கீல் பொருத்திய ஒரு மீட்டர் நீளக் கதவை 30 பாகை திறந்தால் அதன் விளிம்பு காரின் பக்கவாட்டிலிருந்து 50 சென்டிமீட்டர் வெளியே வரும். நான்கு கதவுக் காரின் முன்கதவு ஏறத்தாழ இந்த நீளம்தான். இரண்டு கதவுக் காரில் அதே கதவு 1.3 அல்லது 1.4 மீட்டர் இருக்கும். அதே 30 பாகைக்கு அது 65 முதல் 70 சென்டிமீட்டர் வரை நீளும். பக்கத்தில் 50 சென்டிமீட்டர்தான் இடைவெளி என்றால் 1.4 மீட்டர் கதவு 21 பாகைக்கு மேல் திறக்காது. அந்த இடைவெளியிலும் கதவின் தடிமன் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவதில்தான் மனிதர் உடலை நுழைத்து வெளியே வர வேண்டும். கதவு நீளமானால் உள்ளே ஏறுவது எளிதாகும், இறங்குவதற்குப் பக்கவெளி அதிகம் வேண்டும். காரின் கதவு வரலாறு முழுவதும் இந்த முரணைச் சுற்றியே நடந்திருக்கிறது.

கதவில்லாத காலம்

1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் கதவே இல்லை. குதிரை வண்டியைப் போலப் படியில் கால் வைத்து இருக்கையில் ஏறி உட்கார வேண்டும். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பின்னிருக்கை உள்ள கார்கள் வந்தபோது, அவற்றில் பலவற்றுக்குக் கதவு பின்புறத்தில் இருந்தது. இருக்கையின் நடுவே ஒரு சிறு கதவைத் திறந்து பின்னாலிருந்து ஏறுவார்கள். சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளம் குறைவாக இருந்ததால் பக்கவாட்டில் கதவு வைக்க இடமில்லை. 1904, 1905 வாக்கில் அடிச்சட்டங்கள் நீண்டன. கதவு பக்கவாட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பெரும்பாலான கார்களில் அது அங்கேயே நிலைத்துவிட்டது.

தொடக்கத்தில் இந்தப் பக்கக் கதவுகள் மிகச் சிறியவை, தாழ்ந்தவை. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி திறந்த கார்களில், அமெரிக்காவில் 1910-களின் தொடக்கத்திலிருந்து 1925 வரை, ஓட்டுநர் பக்கத்தில் கதவின் வடிவம் தகட்டில் புடைப்பாக மட்டுமே இருந்தது, அது திறக்காது. ஓட்டுநரும் நடைபாதைப் பக்கமாகவே ஏறி இறங்கினார். தெருவோரம் ஒற்றை வரிசையில் கார் நின்ற காலத்தில் அது போதுமானதாக இருந்தது.

இந்தக் காலத்துக் கார்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. மட்கார்டுகள் இருபுறமும் புடைத்து வெளியே நிற்க, அவற்றுக்கு இடையே நீளமான ஃபுட்போர்டு ஓடியது. உட்காரும் கூடு அவற்றுக்கு உள்ளே ஒடுங்கியிருந்தது. எனவே கதவு திறக்கும்போது அதன் வீச்சில் ஒரு பகுதி காரின் சொந்த அகலத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. பக்கத்துக் காரில் முதலில் மோதக்கூடியது மட்கார்டுதான், கதவு அல்ல. இது திட்டமிட்ட ஏற்பாடு அன்று. உடலமைப்பால் தானாகக் கிடைத்த பாதுகாப்பு. அது போன பிறகே அதன் அருமை தெரிந்தது.

மூடிய உடல், நீண்ட கதவு

முதல் உலகப் போருக்குப் பிந்தைய பத்து ஆண்டுகளில் காரின் உருவம் அடியோடு மாறியது. 1919-இல் அமெரிக்காவில் உற்பத்தியான கார்களில் பத்தில் ஒன்றுதான் கூரையும் கண்ணாடியும் கொண்ட மூடிய கார். 1927-இல் பத்தில் எட்டுக்கு மேல் மூடிய கார்கள். இந்தத் திருப்பத்தை விரைவுபடுத்தியது ஹட்சன் நிறுவனம் 1922-இல் கொண்டுவந்த எசெக்ஸ் கோச். விலையைக் குறைக்க அதில் கதவுகள் இரண்டுதான். முன்னிருக்கையை மடக்கிப் பின்னால் போக வேண்டியிருந்ததால் அந்தக் கதவுகள் நீளமாக இருந்தன. மலிவான காருக்கு இரண்டு நீண்ட கதவுகள், விலை கூடிய காருக்கு நான்கு குட்டைக் கதவுகள் என்ற பிரிவு இங்கே வேரூன்றியது. 

கீல் எந்தப் பக்கம் என்பதும் அப்போது முடிவாகவில்லை. முன்கதவுக்குப் பின்பக்கம் கீல் வைத்த கார்கள் ஐரோப்பாவில் பல இருந்தன. சிட்ரோயன் 2சிவி 1964 வரையிலும், 1957-இல் வந்த ஃபியட் 500 காரின் மூடிய வகை 1965 வரையிலும் அப்படியே இருந்தன. அவற்றில் உடலைத் திருப்பாமல் நேராகக் காலை வெளியே வைக்கலாம். ஆனால் ஓடும் காரில் தாழ்ப்பாள் விட்டுப்போனால் காற்று கதவைப் பறித்துத் திறந்துவிடும். பாதுகாப்பைக் கருதி முன்பக்கக் கீலே பொது வழக்கமாயிற்று.

கோடு போட்ட காலம்

கார்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கும் கட்டடங்கள் மிக முன்பே தோன்றிவிட்டன. 1901-இல் லண்டன் பிக்கடில்லி பகுதியில் டென்மன் தெருவில் மின்சார வண்டி நிறுவனம் ஒன்று ஏழு மாடிக் கட்டடத்தைத் திறந்தது. நூறு வண்டிகள் நிற்கலாம். மேலே ஏற்ற மின்தூக்கி இருந்தது. அந்தக் காலக் கராஜ்களில் உரிமையாளர் வாசலிலேயே இறங்கிவிடுவார். உள்ளே கொண்டுபோய் நிறுத்துவது பணியாளரின் வேலை. இறங்க வேண்டியவர் ஒரே ஒருவர், அதுவும் ஒரு பக்கக் கதவு வழியாக. அதனால் கார்களை நெருக்கி நிறுத்த முடிந்தது.

1920-களின் இறுதியில் நியூயார்க்கின் கென்ட் கராஜ் அந்த ஒருவரையும் தவிர்த்தது. மின்சாரத்தில் ஓடும் தாழ்வான இழுவை வண்டி ஒன்று காரின் பின் அச்சைக் கவ்வி, மின்தூக்கியிலிருந்து இழுத்துப்போய் உரிய இடத்தில் விட்டது. காருக்குள் யாரும் இல்லாததால் கதவு திறக்கும் இடமே தேவைப்படவில்லை.

தெருவில் இடத்தை அளந்து கோடு போடும் பழக்கத்தைப் பரப்பியது பார்க்கிங் மீட்டர். 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் முதல் மீட்டர் இயங்கத் தொடங்கியது. 20 அடிக்கு ஒரு மீட்டர். ஐந்து சென்ட் நாணயம் போட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு காரின் இடம் என்பது விலையுள்ள, அளவுள்ள ஒரு பண்டமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பணியாளர் கூலி ஏற, அமெரிக்க வணிக வளாகங்களில் ஓட்டுநரே நிறுத்திக்கொள்ளும் முறை பரவியது. குடும்பத்தோடு வருபவர்கள் இரண்டு பக்கமும் இறங்கினார்கள். கோட்டுக்குள் காரின் அகலத்தோடு கதவின் அகலத்தையும் சேர்க்க வேண்டிய கட்டாயம் இங்கேதான் தொடங்கியது.

வெளித்தோலாக மாறிய கதவு

அதே ஆண்டுகளில் காரின் உடலும் எதிர்த்திசையில் மாறியது. 1940-களின் பிற்பகுதியில் வந்த புதுக் கார்களில், குறிப்பாக 1949-ஆம் ஆண்டின் ஃபோர்டில், தனி மட்கார்டும் ஃபுட்போர்டும் மறைந்தன. பக்கவாட்டு முழுவதும் ஒரே சமதளமாயிற்று. உட்காரும் இடம் அகன்றது. பயணிகளுக்கு அது பெரிய ஆதாயம். ஆனால் கதவு இப்போது காரின் கடைசி எல்லையில் இருந்தது. அதன் வீச்சு முழுவதும் வெளியே விழுந்தது. அதன் விளிம்பே பக்கத்துக் காரை முதலில் தொடும் பொருளாயிற்று.

அமெரிக்கக் கார்கள் மேலும் பெருத்தன. 1959-ஆம் ஆண்டின் காடிலாக் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம் கொண்டது. இரண்டு கதவு கூப்பே வடிவம் மதிப்புக்குரியதாகக் கருதப்பட்டதால் 1960-களிலும் 70-களிலும் மிக நீண்ட, மிகக் கனமான கதவுகள் வழக்கில் இருந்தன. 1975-இல் ஏஎம்சி நிறுவனம் பேசர் என்ற காரில் வலப்பக்கக் கதவை இடப்பக்கக் கதவைவிட 10 சென்டிமீட்டர் நீளமாக்கியது. பின்னிருக்கைக்காரர் நடைபாதைப் பக்கமாக எளிதில் ஏறுவதற்கு அது செய்யப்பட்டது.

கதவின் தடிமன் கூடியதற்குக் காரணம் வேறு. பக்கவாட்டில் மோதும் விபத்துகளில் மெல்லிய கதவு உயிரைக் காக்கவில்லை. 1973 ஜனவரி முதல் அமெரிக்காவில் கதவின் வலிமைக்குக் கட்டாயத் தரம் வந்தது. நிறுவனங்கள் கதவுக்குள் எஃகுக் குறுக்குத் தண்டு வைத்தன. 1990-களில் பக்கவாட்டு மோதல் சோதனைகளும் பக்கவாட்டுக் காற்றுப்பைகளும் சேர, கதவு இன்னும் பருத்தது. இந்தத் தடிமன் பல உயிர்களைக் காத்திருக்கிறது. அதற்கான இடத்தை நிறுத்துமிடக் கோடுகள் ஒதுக்கித் தரவில்லை.

கதவின் வழியை மாற்றிய முயற்சிகள்

கீலைப் பக்கவாட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்ற எண்ணம் 1950-களில் பல வடிவங்களில் வெளிப்பட்டது. இத்தாலியின் ஈசோ நிறுவனம் 1953-இல் காட்டிய இசெட்டா சிறு காரில் முன்முகமே கதவு. ஸ்டீயரிங்கும் அதனோடு சேர்ந்து வெளியே சாயும். காரின் மூக்கை நடைபாதையைப் பார்த்து நிறுத்திவிட்டு நேராக நடைபாதையில் கால் வைக்கலாம். 1955 முதல் 1962 வரை பிஎம்டபிள்யூ நிறுவனம் ஜெர்மனியில் இதை 1,60,000-க்கும் மேல் தயாரித்தது. பக்கவெளிச் சிக்கலை முழுவதும் தீர்த்த கார் இது. ஆனால் முன்னால் சுவரோ வேறு காரோ ஒட்டி நின்றால் வெளியேற வழி அடைபடும். துணியாலான கூரைத் திறப்பே அப்போது அவசர வழி.

1954-இல் வந்த கைசர் டாரின் என்ற அமெரிக்கத் திறந்த காரில் கதவு முன் மட்கார்டுக்குள் சறுக்கிப்போய் மறைந்தது. சறுக்குப் பாதையில் கதவு சிக்கிக்கொள்வதும் திறப்பு ஒடுக்கமாக இருப்பதும் குறைகளாயின. 435 கார்களோடு தயாரிப்பு நின்றது. 1989 முதல் 1991 வரை தயாரான பிஎம்டபிள்யூ இசட்1 காரில் கதவு செங்குத்தாகக் கீழே இறங்கி வாசற்படிக்குள் ஒளிந்தது. ஏறும் படி மிக உயரமாகிவிட்டதால் அது எட்டாயிரம் கார்களோடு முடிந்தது.

மேல்நோக்கித் திறக்கும் கதவுகளுக்கு வேறு தொடக்கம் உண்டு. 1954-இல் விற்பனைக்கு வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரின் குழாய்ச் சட்டகம் பக்கவாட்டில் உயரமாக இருந்தது. வழக்கமான கதவுக்கு இடமில்லாததால் கீல் கூரைக்குப் போனது. பக்கவெளி குறைவாக வேண்டும் என்பது துணைப் பயனாகக் கிடைத்தது. 1981-இல் வந்த டெலோரியன் காரில் அந்தப் பயன் நேரடியாகவே எடுத்துச் சொல்லப்பட்டது: திறக்கும்போது அதன் கதவுக்குப் பக்கத்தில் சுமார் 28 சென்டிமீட்டர் போதும். வடிவமைப்பாளர் மார்செல்லோ காந்தினி 1968-இல் அல்ஃபா ரோமியோ கரபோ மாதிரிக் காரில் கத்தரிக்கோல் போல முன்கீலில் மேலெழும் கதவை வைத்தார். 1974-இல் விற்பனைக்கு வந்த லம்போர்கினி கவுன்டாச்சில் அதே வகைக் கதவு இடம்பெற்றது. மிக அகலமான அந்தக் காரில் கதவை உயர்த்திவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்து ரிவர்ஸ் எடுக்கவும் அது உதவியது. 2015-இல் டெஸ்லா மாடல் எக்ஸ் காரின் பின்கதவுகளுக்கு இரண்டு மடிப்புக் கீல்கள் வைத்து, பக்கத்திலும் மேலேயும் உள்ள இடத்தை உணரிகளால் அளந்து திறக்கும்படி செய்தார்கள். இந்த வகைக் கதவுகள் எல்லாவற்றுக்கும் தலைக்கு மேல் வெளி வேண்டும். தாழ்ந்த கூரையுள்ள அடித்தளங்களில் அது எளிதில் கிடைப்பதில்லை. செலவும் அதிகம். பொதுமக்கள் காருக்கு இவை வராததன் காரணம் இதுதான்.

சாதாரணக் காரில் பக்கக் கதவையே சீர்செய்ய முயன்றவர்களும் உண்டு. ரெனோ அவந்தீம் என்ற பெரிய கூப்பே 2001-இல் வந்தது. அதன் நீண்ட கதவுகளுக்கு இரட்டைக் கீல் அமைப்பு. திறக்கும்போது கதவு வெளியே சாய்வதோடு முன்னோக்கியும் நகரும். அதனால் குறைந்த பக்கவெளியிலேயே அகலமான வாசல் கிடைத்தது. இந்தச் சிக்கலுக்குப் பொறியியல் தந்த மிக நேர்த்தியான விடைகளில் அது ஒன்று. விற்பனை குறைவாக இருந்ததால் 2003-இல் கார் நின்றுபோயிற்று. 2005-இல் பெஜோ 1007 என்ற சிறு கார் இரண்டு மின் சறுக்குக் கதவுகளோடு ஐரோப்பிய நகரங்களைக் குறிவைத்து வந்தது. கதவுகளின் எடையும் விலையும் கூடியதால் அதுவும் 2009-இல் முடிந்தது.

ஜப்பானில் நிலைபெற்ற சறுக்குக் கதவு

சறுக்குக் கதவு ஒரு நாட்டில் மட்டும் அன்றாடக் காரின் இயல்பான பாகமாயிற்று. ஜப்பானில் 1962-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, கார் வைத்திருப்பவருக்குத் தெருவுக்கு வெளியே ஓர் இடம் உண்டு என்று சான்று காட்ட வேண்டும். இரவில் தெருவில் காரை விட்டுவிடும் வழக்கத்தை அது கட்டுப்படுத்தியது. ஒவ்வொரு காரும் வீட்டையொட்டிய ஒடுக்கமான சந்திலோ வாடகை இடத்திலோ நின்றாக வேண்டும். அதோடு, 1949-இல் உருவான கெய் என்ற சிறு கார் வகைக்கு அகல வரம்பு இருந்தது. முதலில் சிறிய அளவில் தொடங்கி 1950-களில் 1.3 மீட்டராக நிலைத்த வரம்பு 1976-இல் 1.4 மீட்டராயிற்று, 1998 முதல் 1.48 மீட்டர். இந்த வகைக்கென்று அங்குள்ள வடிவமைப்புக் கையேடு தரும் இடம் 2 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் நீளம். கழித்துப் பார்த்தால் இரண்டு கார்களுக்கு நடுவே 52 சென்டிமீட்டர்தான் மிஞ்சும்.

அந்த 52 சென்டிமீட்டரில் குழந்தையைக் கையில் ஏந்திய தாயோ ஊன்றுகோல் பிடித்த முதியவரோ கீல் கதவு வழியாக இறங்க முடியாது. சறுக்குக் கதவு காரின் உடலை ஒட்டியே பின்னால் நகரும். ஒரு சாண் அளவுதான் வெளியே வரும். 1982-இல் நிசான் பிரெய்ரி பின்கதவுகள் இரண்டையும் சறுக்குக் கதவாக்கி, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே உள்ள தூணையும் எடுத்துவிட்டது. 2004-இல் டொயோட்டா போர்ட் பயணியின் பக்கத்தில் ஒரே பெரிய மின் சறுக்குக் கதவை வைத்தது. 2007-இல் இரண்டாம் தலைமுறை டைஹட்சு டான்டோ, நடுத்தூணைக் கதவுக்குள்ளேயே ஒளித்து, ஒரு பக்கம் முழுவதும் திறந்த வாசலைத் தந்தது. 2011-இல் சறுக்குக் கதவுகளோடு வந்த ஹோண்டா என்-பாக்ஸ் ஜப்பானின் மிக அதிகம் விற்கும் கார்களில் ஒன்றாக நிலைத்தது. ஐரோப்பாவில் தோற்ற கதவு இங்கே வென்றதற்கு வாழ்க்கைச் சூழல் காரணம். இடமின்மையைச் சட்டமே ஒவ்வொரு வாசலுக்கும் கொண்டுவந்த நாட்டில், கதவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை நாள்தோறும் பயன் தந்தது.

அமெரிக்காவில் சறுக்குக் கதவு குடும்ப மினிவேனோடு பரவியது. 1984 மாதிரியாக வந்த டாட்ஜ் கேரவனுக்கு நடைபாதைப் பக்கம் மட்டும் ஒரு சறுக்குக் கதவு. 1996 மாதிரியில் ஓட்டுநர் பக்கத்துக்கும் இரண்டாவது கதவு வந்தது; விரைவிலேயே அது அந்த வகை வண்டியின் பொது அமைப்பாயிற்று.

இந்தியாவில்

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் கோலோச்சிய அம்பாசடர் 1.66 மீட்டர் அகலமும் நான்கு கதவுகளும் கொண்டது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டைப் போலவே முதலில் இரண்டு நீண்ட கதவுகளோடு வந்தது. பின்னிருக்கையில் பெரியவர்கள் உட்காரும் குடும்பப் பழக்கத்துக்கு அது ஒத்துவரவில்லை. பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு வடிவம் பின்னர் இந்தியச் சந்தைக்கென்றே உருவாக்கப்பட்டது. 1983-இல் வந்த மாருதி 800 காரின் அகலம் ஏறத்தாழ 1.4 மீட்டர்தான். கார்கள் குறைவு, அவையும் ஒடுக்கமானவை என்பதால் நிறுத்துமிட நெரிசல் அன்று பெரிய சிக்கலாக இல்லை.

1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து பின்பு ஆம்னி என்று அழைக்கப்பட்ட வண்டி, சறுக்குக் கதவை இந்தியர்களுக்குப் பரவலாக அறிமுகம் செய்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றவும் ஆம்புலன்ஸாக நோயாளிகளைக் கொண்டுசெல்லவும் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் வரை அது பயன்பட்டது. குறுகிய தெருவில் சுவரை ஒட்டி நிறுத்தினாலும் பின்னால் உள்ளவர்கள் இறங்க முடிந்தது அதன் பெரிய பலம். 2019-இல் அதன் தயாரிப்பு நின்றது.

இன்றைய இந்திய நகரங்களில் நெருக்கடி அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தூண்தளத்தில்தான் கூர்மையாகத் தெரிகிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கேட்கின்றன. 1.4 மீட்டர் காருக்கு அது தாராளம்: 1.1 மீட்டர் மிஞ்சும். 1.8 மீட்டர் எஸ்யூவிகள் இரண்டு அடுத்தடுத்து நின்றால் நடுவே மிஞ்சுவது 70 சென்டிமீட்டர். அங்கே ஒரு தூணும் வந்துவிட்டால் ஒரு பக்கக் கதவு திறக்கவே திறக்காது. தூண் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அதன் பருமனைவிட முக்கியம். கோட்டின் முன்முனையிலோ பின்முனையிலோ நின்றால் கதவின் வீச்சுக்குத் தடை இல்லை. நடுவில் நின்றால் அந்த இடத்தின் பயனில் பாதி போய்விடும்.

பக்கத்துக் காரைக் காக்கும் வழிகள்

இடம் கிடைக்காதபோது சேதத்தையாவது குறைக்க வேண்டும் என்ற முயற்சிகளுக்கும் தனி வரலாறு உண்டு. 1950-களில் அமெரிக்காவில் கதவு விளிம்பில் மாட்டும் பளபளப்பான உலோகப் பட்டைகள் துணைப்பொருளாக விற்றன. 1970-களில் காரின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் ரப்பர் பட்டை, பீடிங் என்று இங்கே அறியப்படுவது, பெரும்பாலான கார்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. பக்கத்துக் கதவு பட்டால் பெயிண்ட் தப்பியது. 2000-ஐ ஒட்டி, அழகுக்காகவும் செலவைக் குறைக்கவும் பல நிறுவனங்கள் அந்தப் பட்டையைக் கைவிட்டன. கார்கள் அகன்றுகொண்டே போன அதே காலத்தில் அவற்றின் காப்பும் குறைந்தது. டிங்கரிங் பட்டறைகளுக்கு வரும் சிறு நசுங்கல்களில் கதவு இடித்த தடம் நீங்காத இடம் பிடித்தது.

அந்தப் போக்குக்கு மாறாக இரண்டு முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. ஃபோர்டு நிறுவனம் 2010-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஃபோகஸ் காரில் ஒரு கருவியை அளித்தது. கதவு திறந்ததும் உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் காப்பு சுழன்று வந்து விளிம்பைக் கவ்வும். மூடும்போது தானே மறையும். 2014-இல் வந்த சிட்ரோயன் சி4 காக்டஸ் காரின் கதவுகளில் காற்றறைகள் கொண்ட மென்மையான திண்டுகள் பதிக்கப்பட்டன. முதலாவது தன் கதவால் பிறருக்கு நேரும் சேதத்தைத் தடுத்தது. இரண்டாவது பிறர் கதவால் தனக்கு நேரும் சேதத்தைத் தாங்கியது.

கோட்டை நகர்த்திய நாடுகள்

எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்காவில் கார்கள் சுருங்கின. வளாகங்களில் சிறு கார்களுக்கென்று ஒடுக்கமான இடங்கள் வரையப்பட்டன. தொண்ணூறுகளில் எஸ்யூவிகள் பெருகியதும் அந்த ஒடுக்கமான கோடுகளுக்குள் பெரிய வண்டிகள் நுழைந்தன. பல நகரங்கள் சிறு காருக்கான தனி அளவையே கைவிட நேர்ந்தது.

ஜெர்மனியின் பல மாநில விதிகள் கதவின் தேவையை நேரடியாகவே கணக்கில் எடுத்தன. இரண்டு பக்கமும் திறந்த வெளியானால் 2.3 மீட்டர், ஒரு பக்கம் சுவரோ தூணோ இருந்தால் 2.4, இரண்டு பக்கமும் இருந்தால் 2.5, மாற்றுத்திறனாளிகளுக்கு 3.5 என்று அவை பிரித்தன. பிரிட்டனில் 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் வழக்கமான அளவாக நிலைத்தன. ஜப்பானில் அகலத்தை மாற்றாமலே ஒரு நல்ல உத்தி பரவியது. இரண்டு இடங்களுக்கு நடுவே ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக நீண்ட வளைவு போன்ற இரட்டைக் கோடு வரைந்தார்கள். ஓட்டுநர் தன் பக்கத்துக் கோட்டைப் பார்த்து நடுவில் நிறுத்துவார். இரட்டைக் கோட்டின் உட்பகுதி இருவருக்கும் பொதுவான இறங்கும் வெளியாக மிஞ்சும்.

கதவு இடிப்பதையே காரணமாகக் காட்டி விதியை மாற்றிய நாடு தென்கொரியா. இடப்பற்றாக்குறையால் அங்கே 1990-இல் குறைந்தபட்ச அகலம் 2.5 மீட்டரிலிருந்து 2.3 மீட்டராகக் குறைக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் கார்கள் அகன்றன. பக்கத்துக் காரில் கதவு பட்டு நசுங்கும் தகராறுகள் பொதுப் பேச்சாயின. 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தம் புதிய வளாகங்களுக்கு மீண்டும் 2.5 மீட்டரைக் கட்டாயமாக்கியது. விரிவான வகை இடங்களுக்கு 2.6 மீட்டர். ஏற்கெனவே கட்டியவை பழைய அளவிலேயே நின்றன. ஒரு விதியில் எடுக்கும் 20 சென்டிமீட்டரைத் திருப்பித் தருவதற்கு ஒரு தலைமுறை ஆகும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

கதவுக்கான வெளி வசதியா உரிமையா என்ற கேள்விக்கு மாற்றுத்திறனாளிகள் இயக்கமே தெளிவான விடையைப் பெற்றுத் தந்தது. சக்கர நாற்காலியில் மாறி உட்கார, கதவு முழுவதும் திறந்தே ஆக வேண்டும். அமெரிக்காவின் 1991-ஆம் ஆண்டுத் தரவிதிகள் காரின் இடத்துக்குப் பக்கத்தில் 5 அடி அகலமுள்ள தனிப் பாதையைக் கட்டாயமாக்கின; வேனுக்கு 8 அடி. இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி 3.6 மீட்டர் அகலம் கேட்டது. திறந்த கதவோடு சேர்த்து மனிதரையும் அளந்து எழுதப்பட்ட அளவுகள் இவை.

இறங்கிய பின் நிறுத்துதல்

ஆள் முதலில் இறங்கிவிட, கார் பிறகு தனியாகப் போய் நிற்கும் பழைய முறை அண்மைக் காலத்தில் திரும்பியிருக்கிறது. ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க்கில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2000-இல் திறந்த வளாகத்தின் இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள் ஒவ்வொன்றும் 48 மீட்டர் உயரம். ஒவ்வொன்றிலும் 400 கார்களை இயந்திரக் கை அடுக்குகிறது. அவை விநியோகத்துக்குக் காத்திருக்கும் புதுக் கார்கள். அதே கொள்கையில் இயங்கும் இயந்திர நிறுத்துமிடங்கள் ஜப்பானிலும் இந்திய நகரங்களின் அடுக்குமாடிகளிலும் உள்ளன. 2003-இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் தானாக ஸ்டீயரிங்கைத் திருப்பி நிறுத்தும் வசதியோடு வந்தது. 2015-இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் காரில், வெளியே நின்றபடி சாவிக்கருவியால் காரை ஒடுக்கமான கராஜுக்குள் நேராகச் செலுத்தும் வசதி வந்தது. இவை விலை உயர்ந்த கார்களிலும் புதுக் கட்டடங்களிலும் தொடங்கி மெல்லப் பரவுகின்றன.

இதற்கிடையே அகலம் நிற்கவில்லை. 1959-இல் வந்த மினியின் அகலம் 1.41 மீட்டர். 1974-இன் முதல் கோல்ஃப் 1.61 மீட்டர், 2019-இல் வந்த எட்டாம் தலைமுறை கோல்ஃப் 1.79 மீட்டர். ஐரோப்பாவில் புதுக் கார்களின் சராசரி அகலம் 2018-இல் 177.8 சென்டிமீட்டராக இருந்து 2023-இன் முதல் பாதியில் 180.3 சென்டிமீட்டராயிற்று, இரண்டு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற வேகம் அது. பிரிட்டனின் 2.4 மீட்டர் கோட்டுக்குள் பழைய மினிகள் இரண்டு நின்றால் நடுவே 99 சென்டிமீட்டர் கிடைத்தது. இன்றைய கோல்ஃப்கள் நின்றால் 61 சென்டிமீட்டர்.

ஒரு காரின் ஆயுள் பதினைந்து, இருபது ஆண்டுகள். ஒரு கட்டடத்தின் ஆயுள் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. கார் செய்பவர் அகலத்தைக் கூட்டும்போது அதன் விலையைக் கட்டடமும் பக்கத்துக் காரும் இறங்கும் மனிதரும் பகிர்ந்து சுமக்கிறார்கள். ஜப்பானின் சறுக்குக் கதவு, தென்கொரியா திருப்பித் தந்த 20 சென்டிமீட்டர், மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப் பாதை ஆகிய மூன்றும் நிலைத்து நின்றதற்குக் காரணம் ஒன்றே: அவை காரை மூடிய நிலையில் அளக்காமல், கதவு திறந்து ஒருவர் இறங்கும் நிலையில் அளந்தன. இனி எழுதப்படும் கட்டட விதியும் வாகன விதியும் அந்த அளவையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.